வீடு நனைந்தாலும் ஃபைல் நனையாமல் இருக்க: கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கான கிளவுட் பேக்கப் வழிகாட்டி

2011 டிசம்பர் 30 அதிகாலையில் தானே புயல் கரையைக் கடந்தது புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவில். 2015 மழையில் கடலூர் மாவட்டத்தின் பல ஊர்கள் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையேறியது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது. அது ஓய்ந்த கையோடு தென்பெண்ணையில் வெள்ளம் பெருகிக் கடலூர் பக்கத்துக் குடியிருப்புகளுக்குள் நுழைந்தது. ஒவ்வொரு முறையும் தண்ணீர் வடிந்த பிறகு ஒரே காட்சிதான். பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து பத்திரங்களை எடுத்து மொட்டை மாடியில் கல் வைத்துக் காயப்போடுவார்கள். கம்ப்யூட்டரின் கேபினெட்டைச் சாய்த்தால் சேற்றுத் தண்ணீர் வழியும்.

"எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி இருக்கிறது, கடலூரில் தங்கச்சி வீட்டில் வைத்திருக்கிறேன்" என்று சொல்லும் புதுச்சேரிக்காரர்கள் உண்டு. நல்ல பழக்கம்தான். ஆனால் இரண்டு ஊருக்கும் இடையே இருபத்தைந்து கிலோமீட்டருக்குள்தான் தூரம். ஒரே புயல் இரண்டு வீட்டையும் சேர்த்தே தாக்கும். இந்தக் கடற்கரையில் பேக்கப் என்றால் ஒரு நகலாவது மாவட்டத்துக்கு வெளியே இருக்க வேண்டும். அதை மாதம் நூறு, நூற்றைம்பது ரூபாய்க்குள் செய்து தருவதுதான் கிளவுட் சேமிப்பு. உங்கள் ஃபைலை வேறெங்கோ இருக்கும் பெரிய கம்ப்யூட்டர் கூடங்களில் ஒன்றுக்கு மேற்பட்ட நகலாக வைத்திருப்பார்கள், இன்டர்நெட் இருக்கும் எந்த இடத்திலிருந்தும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். விஷயம் அவ்வளவுதான். அதைச் சரியாக அமைப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

எவ்வளவு இருக்கிறது என்று முதலில் எடை போடுங்கள்

கணக்குத் தொடங்குவதற்கு முன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து மூன்று பகுதியாகப் பிரியுங்கள். முதல் பகுதியில், போனால் திரும்பக் கிடைக்காதவை: குடும்பப் படங்கள், குழந்தை நடந்த முதல் வீடியோ, தாத்தா குரல் பதிவு, கடைக் கணக்கு. இரண்டாவதில், அலைந்தால் திரும்பக் கிடைப்பவை: பத்திரம், மதிப்பெண் சான்றிதழ், இன்சூரன்ஸ் பாலிசி. மூன்றாவதில், மறுபடி டவுன்லோடு செய்துகொள்ளக் கூடியவை: சினிமா, பாட்டு, சாஃப்ட்வேர். மூன்றாவது பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள். இடத்தையும் நேரத்தையும் தின்பது அதுதான்.

சுமாரான அளவுகள் இவை. போனில் எடுத்த ஒரு படம் 3 முதல் 5 எம்பி, ஆக 1,000 படம் ஏறக்குறைய 4 ஜிபி. வீடியோ ஒரு நிமிடம் 100 எம்பி அளவில் வரும். கலரில் ஸ்கேன் செய்த ஏ4 பக்கம் 1 எம்பிக்குள் அடங்கும், எனவே 12 பக்கப் பத்திரம் 12 எம்பியைத் தாண்டாது. ஒரு சராசரி வீட்டின் எல்லாக் காகிதமும் சேர்ந்து 1 ஜிபிகூட வராது. பெரும் சுமை எப்போதும் படமும் வீடியோவும்தான்.

அடுத்து, அது மேலே ஏற எவ்வளவு நேரமாகும் என்ற கணக்கு. விளம்பரத்தில் சொல்லும் வேகம் இறக்கும் வேகம். நமக்குத் தேவை ஏற்றும் வேகம், அதாவது அப்லோடு. ஸ்பீடு டெஸ்ட் செய்து இரண்டாவது எண்ணைப் பாருங்கள். அது 10 எம்பிபிஎஸ் (நொடிக்கு 10 மெகாபிட்) என்றால், எட்டு பிட் ஒரு பைட் என்பதால் எட்டால் வகுக்க வேண்டும், நொடிக்கு 1.25 எம்பி. 60 ஜிபி ஏற 48,000 நொடி, சுமார் 13 மணி நேரம். இரண்டு இரவு ஓடவிட்டால் முடிந்தது. இதையே தினம் 1.5 ஜிபி கிடைக்கும் மொபைல் டேட்டாவில் செய்தால் 40 நாள், அதுவும் வேறு எதற்கும் நெட் தொடாமல். ஆகவே முதல் முறை ஏற்றுவதை ஃபைபர் உள்ள வீட்டில் செய்யுங்கள். உங்கள் வீட்டில் இல்லையென்றால் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி. புயல் எச்சரிக்கை வந்த பிறகு தொடங்கினால் ஏறி முடியாது. புரட்டாசிக்குள் முடித்துவிட வேண்டிய வேலை இது.

எந்தச் சேவை?

ஆண்ட்ராய்டு போன் வைத்திருப்பவர் கூகுளிலேயே இருக்கலாம். 15 ஜிபி இலவசம், ஆனால் அந்த 15 ஜிபியை ஜிமெயில், டிரைவ், ஃபோட்டோஸ் மூன்றும் பங்கிட்டுக்கொள்ளும். வாட்ஸ்அப் பேக்கப்பும் இப்போது அதே கணக்கில்தான் சேர்கிறது. 2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லா இலவசம் கிடையாது. 100 ஜிபி திட்டம் மாதம் 130 ரூபாய் அளவில் கிடைக்கிறது, அதைக் குடும்பத்தில் இன்னும் ஐந்து பேரோடு பங்கிட்டுக்கொள்ளலாம். இடம்தான் பொது. ஒருவர் ஃபைல் இன்னொருவர் கண்ணில் படாது.

ஐபோன் என்றால் ஐகிளவுட், 5 ஜிபி இலவசம். அது படங்களுக்கே போதாது, 50 ஜிபி திட்டம் வாங்கத்தான் வேண்டியிருக்கும். விண்டோஸ் கம்ப்யூட்டரில் வேர்டு, எக்செல் என்று வேலை செய்யும் கடை, ஆடிட்டர் அலுவலகம் போன்றவற்றுக்கு ஒன்டிரைவ் பொருந்தும். அதிலும் 5 ஜிபி இலவசம். டிராப்பாக்ஸ் 2 ஜிபி மட்டும் தருகிறது.

இங்கே இரண்டு, அங்கே மூன்று என்று இலவச இடத்துக்காக நாலு கணக்கில் சிதறடிப்பது பெரிய தவறு. ஆறு மாதம் கழித்து எந்தப் பத்திரம் எந்தக் கணக்கில் என்று உங்களுக்கே தெரியாது. தொடாமல் கிடக்கும் கணக்குக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை அழிக்கும் உரிமை கூகுளுக்கு இருக்கிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதில் நில்லுங்கள்.

அரசு ஆவணங்களுக்கு மட்டும் டிஜிலாக்கரைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் துறைகளே நேரடியாகத் தரும் ஆவணம் அசலுக்குச் சமம் என்று விதி இருக்கிறது. டிரைவிங் லைசென்ஸ், ஆர்சி புக் எல்லாம் அப்படி வாங்கலாம். நீங்களே ஸ்கேன் செய்து ஏற்றும் படத்துக்கு அந்த மதிப்பு கிடையாது. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் அதிகம்.

கதவுக்கு முதலில் பூட்டு

ஃபைல் ஏற்றும் முன்பே கணக்கைப் பலப்படுத்துங்கள். வேறெங்கும் பயன்படுத்தாத பாஸ்வேர்டு, குறைந்தது 14 எழுத்து. ஒன்றோடொன்று ஒட்டாத நாலு சொல்லைத் தமிழில் நினைத்து ஆங்கில எழுத்தில் அடித்தால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் கடினம். வாகன எண், பிறந்த தேதி வேண்டாம்.

பிறகு இரண்டடுக்குச் சரிபார்ப்பை, அதாவது பாஸ்வேர்டோடு இன்னொரு சான்றும் கேட்கும் வசதியை, இயக்குங்கள். இதில்தான் நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று ஒளிந்திருக்கிறது. வெள்ளத்தில் போன் போய்விட்டது, புதுப் போன் வாங்கிக் கணக்குக்குள் நுழைகிறீர்கள். சரியான பாஸ்வேர்டு கொடுத்ததும் "உங்கள் போனில் வந்த அறிவிப்பை அழுத்துங்கள்" என்கிறது. அந்தப் போன் சேற்றில் கிடக்கிறது. ஓடிபி வரும் என்றால் சிம்மும் அதற்குள்தான். டூப்ளிகேட் சிம் வாங்க அடையாள அட்டை வேண்டும், அடையாள அட்டை கிளவுடில் இருக்கிறது. சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

இதற்குத்தான் பேக்கப் கோடு. கூகுள் கணக்கின் செக்யூரிட்டி பக்கத்தில் இரண்டடுக்குச் சரிபார்ப்புக்குள் போனால் எட்டு இலக்கத்தில் பத்து எண்கள் தரும். ஒவ்வொன்றும் ஒரே ஒரு முறை செல்லும். இரண்டு தாளில் எழுதுங்கள். ஒன்று பர்ஸில் சிறு பிளாஸ்டிக் உறையில். இன்னொன்று சேலத்திலோ பெங்களூரிலோ இருக்கும் நம்பிக்கையான உறவினரிடம், எந்தக் கணக்கு என்று எழுதாமல் எண்களை மட்டும். பாஸ்வேர்டு இல்லாமல் அந்த எண்ணால் யாரும் எதுவும் செய்ய முடியாது. மீட்பு எண்ணாக நீங்கள் ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய சிம் இருக்கிறதா என்றும் பாருங்கள். மாதக்கணக்கில் உபயோகிக்காத எண் வேறொருவருக்குப் போய்விடும், ஓடிபியும் அவருக்கே போகும்.

பத்திரத்தை ஸ்கேன் செய்வது

இந்த வேலையை அவசரப்படாமல், ஞாயிற்றுக்கிழமை காலை வெளிச்சத்தில் செய்யுங்கள். போனில் கூகுள் டிரைவ் ஆப்பைத் திறந்தால் கேமரா குறி இருக்கும், அதுவே ஸ்கேனர். தனி ஆப் தேவையில்லை. ஜன்னல் ஓரமாகத் தரையில் காகிதத்தை வைத்து, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி நின்று, போனைக் காகிதத்துக்கு நேர் மேலே பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம், நடுவில் வெள்ளைத் திட்டு விழும்.

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். முத்திரைத்தாள் ஏ4-ஐவிட நீளம். ஆப் தானாக ஓரம் வெட்டும்போது அடியில் இருக்கும் கைரேகையும் சாட்சிக் கையெழுத்தும் போய்விடும். ஒவ்வொரு பக்கத்துக்கும் நாலு மூலையையும் நீங்களே விரலால் இழுத்து வையுங்கள். மடித்து மடித்து வைத்ததில் மடிப்புக் கோட்டிலேயே ஒரு வரி ஓடும், பெரும்பாலும் அது சர்வே எண் உள்ள வரியாக இருந்து தொலைக்கும். மேலே ஒரு கண்ணாடித் தகடு வைத்து நீவிவிட்டு எடுங்கள். வண்ணத் தேர்வில் கறுப்பு வெள்ளை போடாதீர்கள். ஊதா முத்திரை, மங்கிய நீல மை, பென்சில் குறிப்பு எல்லாம் காணாமல் போகும். கலர்தான்.

தாளைத் திருப்புங்கள். பின்பக்கம் காலி என்று நினைத்துப் பலர் விட்டுவிடுகிறார்கள். சார்பதிவாளர் அலுவலக முத்திரை, ஆவண எண், ஆண்டு, புத்தக எண் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். எல்லாப் பக்கத்தின் பின்புறத்தையும் எடுங்கள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் காலப் பத்திரங்கள், பிறப்புப் பதிவுகள் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு: அந்தத் தாள் மெல்லியது, பின்பக்க எழுத்து முன்னால் நிழலடிக்கும். அடியில் கறுப்புத் தாள் ஒன்றை வைத்து எடுத்தால் நிழல் குறையும். எந்தப் பழைய பத்திரத்தையும் லேமினேட் செய்யாதீர்கள். சூட்டில் மை கெடும், பிளாஸ்டிக் மின்னுவதால் ஸ்கேனும் கெடும்.

முடித்ததும் பெயர் வையுங்கள். ஆப் தானாக வைக்கும் பெயரில் தேதியும் நேரமும் மட்டுமே இருக்கும், பத்து வருஷம் கழித்து அதற்கு அர்த்தம் இல்லை. '1987-கிரயம்-மஞ்சக்குப்பம்-அப்பா' போல ஆண்டு முதலில் வரட்டும், பட்டியல் தானே வரிசையாகும். தமிழில் பெயர் வைக்கலாம், ஆனால் சுருக்கமாக. ஆண்ட்ராய்டில் ஃபைல் பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் 3 பைட் பிடிக்கும். புள்ளி, கொம்பு, காலும் தனித்தனிக் குறியாகவே எண்ணப்படும். மொத்தம் 85 குறிக்குள் பெயர் முடிய வேண்டும். நீளமான தமிழ்ப் பெயர் கொண்ட ஃபைல் போனில் மட்டும் இறங்க மறுத்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

போனிலிருந்து

கூகுள் ஃபோட்டோஸில் வலது மேல் மூலையில் உங்கள் படத்தை அழுத்தி பேக்கப்பை இயக்குங்கள். தரம் கேட்கும். 'ஒரிஜினல்' என்றால் எடுத்தபடியே ஏறும். 'ஸ்டோரேஜ் சேவர்' என்றால் கொஞ்சம் சுருக்கும். போனில் பார்ப்பதற்கும் சிறு பிரிண்டுக்கும் சுருக்கியது போதும். கல்யாண ஆல்பம், பெரிய பிரிண்டு என்றால் ஒரிஜினல். பிறகு 'டிவைஸ் ஃபோல்டர்கள்' பகுதிக்குப் போய் வாட்ஸ்அப் படங்களின் ஃபோல்டர் வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். காலை வணக்கப் படங்களுக்கு மாதக் காசு கட்ட வேண்டியதில்லை.

பேக்கப் பாதியில் நிற்கிறது என்பது அடிக்கடி கேட்கும் குறை. பல கம்பெனி போன்கள் பேட்டரியை மிச்சப்படுத்தப் பின்னணியில் ஓடும் ஆப்பை நிறுத்திவிடும். செட்டிங்ஸில் ஆப்ஸ், ஃபோட்டோஸ், பேட்டரி என்று போய் 'அன்ரெஸ்ட்ரிக்டட்' ஆக்குங்கள். சார்ஜில் போட்டு வைஃபையில் இரவு விடுங்கள்.

இப்போது சொல்லப்போவதை இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் படங்கள் தொலைவது புயலில் மட்டுமல்ல, இப்படியும்தான். பேக்கப் முடிந்ததும் "கிளவுடில்தான் இருக்கிறதே" என்று போனில் இடம் பிடிக்கும் படங்களை ஃபோட்டோஸ் ஆப்பிலேயே தேர்ந்தெடுத்து அழிக்கிறார்கள். அங்கே அழித்தால் கிளவுடிலும் சேர்ந்து அழியும். பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் இருக்கும், அதற்குப் பிறகு யாராலும் எடுக்க முடியாது. போனில் இடம் வேண்டுமானால் அதே ஆப்பில் உள்ள 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்' பொத்தானை மட்டும் பயன்படுத்துங்கள். அது ஏறி முடிந்த படத்தின் போன் நகலை மட்டும் நீக்கும்.

வாட்ஸ்அப் உரையாடல்களுக்கு அதன் செட்டிங்ஸில் சாட்ஸ், சாட் பேக்கப். முழு மறையாக்கம் (எண்ட்-டு-எண்ட் என்கிரிப்ஷன்) தேர்ந்தெடுத்தால் பாஸ்வேர்டு வைக்கச் சொல்லும், அல்லது 64 இலக்கச் சாவி தரும். அதை மறந்தால் வாட்ஸ்அப்பாலும் மீட்டுத் தர முடியாது. பேக்கப் கோடு எழுதிய தாளில் இதற்கும் ஒரு வரி ஒதுக்குங்கள்.

கம்ப்யூட்டரிலிருந்து

கூகுள் டிரைவ் ஃபார் டெஸ்க்டாப்பை நிறுவினால் இரண்டு வழி தரும். 'ஸ்ட்ரீம்' என்றால் ஃபைல் கிளவுடில் இருக்கும், கம்ப்யூட்டரில் பெயர் மட்டும் தெரியும், திறக்கும்போது இறங்கும். 'மிரர்' என்றால் இரண்டு இடத்திலும் முழுதாக இருக்கும். மழைக்காலத்தில் நாலு நாள் நெட் போகும் ஊரில் மிரர்தான் பொருத்தம், டிஸ்கில் இடம் இருந்தால்.

ஆனால் இது சிங்க், அதாவது ஒத்திசைவு. பேக்கப்பும் சிங்க்கும் ஒன்றல்ல. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை அழித்தால் கிளவுடிலும் அழிந்து குப்பைத் தொட்டிக்குப் போகும். டிரைவில் அங்கே 30 நாள்தான். ரான்சம்வேர் வைரஸ் வந்து எல்லா ஃபைலையும் பூட்டினால், பூட்டிய ஃபைல்களே விசுவாசமாக மேலே ஏறிப் பழையதன் இடத்தைப் பிடிக்கும். பழைய வெர்ஷன்களும் பொதுவாக 30 நாளைக்குத்தான் வைக்கப்படும். எனவே மாதம் ஒருமுறை முக்கிய ஃபோல்டரை ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்கில் நகலெடுத்து, ஒயரைக் கழற்றி வைத்துவிடுங்கள். இணைத்தே வைத்திருந்தால் வைரஸ் அதையும் பிடிக்கும். டிஸ்கை ஜிப் கவரில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போட்டு வையுங்கள். உப்புக் காற்றுக்கும் ஈரத்துக்கும் அதன் இணைப்பு முனைகள் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

கடைக்காரர்கள் கவனிக்க: கணக்கு எழுதும் சாஃப்ட்வேரான டேலியின் டேட்டா ஃபோல்டரை நேரடியாக சிங்க் ஃபோல்டருக்குள் வைக்காதீர்கள். டேலி திறந்திருக்கும்போது அதன் ஃபைல்கள் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். பாதி மாறிய ஃபைல் மேலே ஏறினால் அது எதற்கும் உதவாது, சில சமயம் உள்ளூர் டேட்டாவும் கெடும். கடை சாத்தும் முன் டேலியிலேயே இருக்கும் பேக்கப் கட்டளையைக் கொடுத்து, வரும் பேக்கப் ஃபைலை மட்டும் சிங்க் ஃபோல்டரில் தேதியோடு போடுங்கள். அவுட்லுக் மெயில் ஃபைலுக்கும் இதே விதிதான்.

டிடிபி, பத்திர எழுத்து, பள்ளி அலுவலகம் என்று தமிழில் வேலை செய்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த வேர்டு ஃபைலை கிளவுடில் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பையாகத் தெரியும். ஃபைல் கெடவில்லை. அந்த எழுத்துரு அங்கே இல்லை, அவ்வளவுதான். வேர்டு ஃபைலை அப்படியே வையுங்கள், கூடவே உங்கள் கம்ப்யூட்டரிலேயே பிடிஎஃப் ஆக மாற்றிய நகலையும், எழுத்துரு ஃபைலையும் அதே ஃபோல்டரில் போடுங்கள். இனி அடிப்பவற்றை, எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடில் அடித்தால் தேடவும் முடியும். யூனிகோடு ஃபைலின் உள்ளே இருக்கும் தமிழ்ச் சொல்லை டிரைவின் தேடல் கட்டத்தில் அடித்தாலே ஃபைல் வந்து நிற்கும்.

பகிர்வது

ஜிமெயிலில் இணைப்பாக 25 எம்பி வரைதான் போகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் அப்படியே போகும். அதைத் தாண்டினால் லிங்க்தான் வழி.

டிரைவில் ஃபைலை அழுத்திப் பிடித்து 'ஷேர்'. யார் என்று கேட்கும் இடத்தில் மின்னஞ்சலைக் கொடுத்தால் அவருக்கு மட்டும். 'எனிஒன் வித் தி லிங்க்' என்றால் லிங்க் கையில் கிடைத்த யாருக்கும், அது எந்தக் குழுவுக்கு ஃபார்வர்டு ஆனாலும். கோயில் திருவிழாப் படம், பள்ளி ஆண்டுவிழா வீடியோவுக்கு இரண்டாவது சரி. பத்திரம், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட்டுக்கு முதலாவது மட்டும். ஆதார் கேட்கிறார்கள் என்றால் கடைசி நாலு எண் மட்டும் தெரியும் மாஸ்க்டு ஆதாரைக் கொடுங்கள், பெரும்பாலான இடங்களில் அது போதும்.

அடுத்து அதிகாரம். 'வியூவர்' பார்ப்பார், டவுன்லோடும் செய்வார். 'எடிட்டர்' மாற்றுவார், பிறருக்கும் பகிர்வார். குடும்ப ஃபோல்டருக்கு எல்லாரையும் எடிட்டர் ஆக்கினால் யாரோ ஒருவர் தவறுதலாக ஒரு ஃபைலை வெளியே இழுத்துப் போடுவார். ஏற்றும் பொறுப்பு இருவருக்கு மட்டும் போதும்.

பாரிஸில் இருக்கும் அண்ணனுக்குப் புதுச்சேரி வீட்டுப் பத்திர நகல் அனுப்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய எந்த மின்னஞ்சலில் கூகுள் கணக்கு இருக்கிறது என்று கேட்டு அதற்கே வியூவர் அனுமதி கொடுங்கள். லிங்கை அவர் அழுத்தியதும் "யூ நீட் ஆக்ஸஸ்" என்று வந்தால் நீங்கள் தப்பு செய்யவில்லை. அவர் போன் வேறொரு கணக்கில் திறந்திருக்கிறது. மேல் மூலையில் கணக்கை மாற்றச் சொல்லுங்கள். ராத்திரி பத்து மணிக்கு நீங்கள் இதைச் சொல்லும்போது அங்கே மாலைதான், குளிர்காலத்தில் நாலரை மணி நேரமும் கோடையில் மூன்றரை மணி நேரமும் பின்னால் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் ஷேர் பட்டியலில் அவர் பெயரை எடுத்துவிடுங்கள், கொடுத்த அனுமதி தானாகத் தீராது.

எதிர்ப்பக்கத்தில் நிற்கும்போதும் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். ஸ்டுடியோக்காரர் கல்யாணப் படங்களை டிரைவ் லிங்காக அனுப்புகிறார், நீங்கள் 'ஆட் ஷார்ட்கட்' போட்டு உங்கள் டிரைவில் தெரிகிறது என்று நிம்மதியாக இருக்கிறீர்கள். அது வெறும் வழிகாட்டிப் பலகை. ஃபைல் அவர் கணக்கில் இருக்கிறது, அவர் இடம் காலி செய்யும் நாளில் உங்கள் ஆல்பமும் போகும். ஃபோல்டருக்குள் போய்ப் படங்களைத் தேர்ந்தெடுத்து 'மேக் எ காப்பி' கொடுங்கள், அல்லது டவுன்லோடு செய்து உங்கள் கணக்கில் ஏற்றுங்கள். உங்கள் பொது ஃபோல்டரில் மாமா ஏற்றிய படங்களும் இப்படியே. அவை மாமாவின் இடத்தில்தான் கணக்காகும், அவர் அழித்தால் அழியும்.

ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுக்க அங்குள்ள கம்ப்யூட்டரில் உங்கள் ஜிமெயிலைத் திறக்கவே வேண்டாம். அந்த ஒரு பாஸ்வேர்டுக்குப் பின்னால் இப்போது உங்கள் வீட்டுப் பத்திரங்கள் முழுவதும் இருக்கின்றன. தேவையான பிடிஎஃப்பை மட்டும் பென் டிரைவில் கொண்டுபோங்கள், அல்லது கடையின் மின்னஞ்சலுக்கு உங்கள் போனிலிருந்து அனுப்புங்கள். ஏற்கெனவே எங்கோ திறந்துவிட்டு மூட மறந்திருந்தால், கூகுள் கணக்கில் செக்யூரிட்டி, 'யுவர் டிவைசஸ்' பட்டியலைப் பாருங்கள். தெரியாத கம்ப்யூட்டர் இருந்தால் அங்கிருந்தே சைன் அவுட் செய்து பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

திரும்ப எடுத்துப் பாருங்கள்

ஏற்றியதோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் பெரும்பாலோர். வருஷத்துக்கு ஒருமுறை, செப்டம்பரில், இதைச் செய்யுங்கள்.

1. வீட்டில் வேறொருவருடைய போனில் அல்லது கம்ப்யூட்டரில் இன்காக்னிட்டோ ஜன்னலைத் திறந்து, உங்கள் போனைத் தொடாமல், பாஸ்வேர்டும் தாளில் உள்ள பேக்கப் கோடும் மட்டும் கொடுத்து உள்ளே போங்கள். போக முடியவில்லை என்றால் மழைக்கு முன்பே தெரிந்தது நல்லது.
2. ஒரு பத்திரத்தைத் திறந்து பெரிதாக்கி, பின்பக்க முத்திரையில் ஆவண எண்ணைப் படியுங்கள். எண் படிக்க வரவில்லை என்றால் மறுபடி ஸ்கேன்.
3. ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு வீடியோவை நடுவிலிருந்து ஓடவிடுங்கள்.
4. டேலி பேக்கப் ஒன்றை இறக்கி, வேறொரு ஃபோல்டரில் ரீஸ்டோர் செய்து போன மாதக் கணக்குத் தெரிகிறதா என்று பாருங்கள். நிஜ டேட்டா இருக்கும் ஃபோல்டரில் செய்துவிடாதீர்கள்.
5. மீதி இடம் எவ்வளவு என்று பாருங்கள். இடம் நிறைந்தால் பேக்கப் மட்டுமல்ல, ஜிமெயிலுக்குக் கடிதம் வருவதும் நிற்கும்.

பயன்படுத்திய பேக்கப் எண்ணைத் தாளில் அடித்து நீக்கிவிடுங்கள்.

புயல் எச்சரிக்கை வந்த நாளில்

கிளவுடில் எல்லாம் பத்திரமாக இருந்தும், கரண்டும் டவரும் போன மூன்று நாளில் அது எட்டாது. எனவே எச்சரிக்கை வந்ததுமே டிரைவ் ஆப்பில் 'அவசரம்' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, ஆதார், ரேஷன் கார்டு, மருத்துவச் சீட்டு, வீட்டு மற்றும் வண்டி இன்சூரன்ஸ், பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் இவற்றைப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் 'மேக் அவைலபிள் ஆஃப்லைன்' கொடுங்கள். நெட் இல்லாமலும் திறக்கும். ஏரோபிளேன் மோடு போட்டுத் திறந்து சோதியுங்கள். வீடு, கடை, வண்டி ஆகியவற்றை அன்றைய தேதியில் படமெடுத்து ஏற்றிவிடுங்கள், இன்சூரன்ஸ் கேட்கும்போது முன்பிருந்த நிலைக்கு அது சாட்சி. ஹார்டு டிஸ்க் மாடிக்குப் போகட்டும்.

தண்ணீர் புகுந்துவிட்டால் நனைந்த கம்ப்யூட்டரையோ டிஸ்கையோ "ஓடுதா பார்ப்போம்" என்று கரண்ட் கொடுக்காதீர்கள். சேறும் உப்பும் உள்ளே இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் மீட்கக்கூடியதும் போய்விடும். அரிசியில் புதைப்பதும் வேண்டாம். நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, டேட்டா மீட்பு செய்பவரிடம் கொடுங்கள். அதில் இருப்பவை கிளவுடிலும் இருந்தால் அந்தச் செலவும் தேவையில்லை.

அசல் பத்திரம் சேறாகிப் போயிருந்தால் புதுப் போனில் கணக்கைத் திறந்து, பின்பக்கம் ஸ்கேன் செய்த அந்த முத்திரையைப் பாருங்கள். ஆவண எண், ஆண்டு, எந்தச் சார்பதிவாளர் அலுவலகம் என்ற மூன்றும் அதில் இருக்கும். அந்த மூன்றையும் மனுவில் எழுதிக் கொடுத்தால் அங்கேயே சான்றிட்ட நகல் வாங்கலாம்.